ஈர் பேனாக எத்தனை நாள்?

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறவரை, 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறார்' என்போம். ஈர் பேனாவது உண்மைதான். ஆனால் அதற்கு எத்தனை நாள் ஆகும்? இதற்கு விடை தெரிந்தால், ஒரு சீப்பைக் கொண்டே பேனை ஒழித்துவிடலாம்.

பேனின் வாழ்க்கை

வளர்ந்த பேன் 2 முதல் 3 மி.மீ. நீளம் இருக்கும். அதற்கு இறக்கை இல்லை, குதிக்கவும் முடியாது. ஆறு கால்களின் நுனியிலும் உள்ள கொக்கிகளால் முடியைப் பற்றிக்கொண்டு ஊர்கிறது. பெரும்பாலும் ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போதே பரவுகிறது. தினமும் தலைக்குக் குளிப்பவருக்கும் பேன் வரும். எனவே, பேன் இருக்கும் தோழியை அழுக்குப் பிள்ளை என்று ஒதுக்குவது தவறு.

பெண் பேன், முடியின் அடியில் தோலை ஒட்டி முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் அதை ஒட்டவைக்கிறது. இதுவே ஈர். தலையின் வெப்பமே அதை அடைகாக்கிறது. 7 முதல் 10 நாட்களில் குஞ்சு வெளிவரும். அது மூன்று முறை தோலுரித்து, முட்டையிடும் பருவத்தை அடைய மேலும் 9 முதல் 12 நாட்கள் ஆகும்.

ஈரின் வயதைக் கணக்கிடலாமா?

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஈர் தானாக நகராது. முடி வளர வளர, தோலிலிருந்து விலகிப் போகும். அப்படியானால், தோலிலிருந்து 2 செ.மீ. தள்ளியுள்ள ஈர் இரண்டு மாதத்துக்கு முன் இட்டது. அது வெறும் கூடு. அடிமுடியில் உள்ள ஈரைத்தான் கவனிக்க வேண்டும்.

சீப்பு எப்படி வேலை செய்கிறது?

பேன்சீப்பு மிகப் பழைய கருவி. இஸ்ரேலில் லாகீஷ் என்னுமிடத்தில் 2016-இல் கிடைத்த சுமார் 3,700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பில், பேன் ஒழியட்டும் என்ற பொருளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

முடியின் தடிமன் 0.1 மி.மீ. அளவே. நல்ல பேன்சீப்பின் பல்லிடைவெளி 0.2 முதல் 0.3 மி.மீ. முடி நுழைந்து போகும், பேன் சிக்கிக்கொள்ளும். திருச்சி மாணவர்கள் காந்தி மார்க்கெட் பக்கம் போகும்போது, சீப்பு விற்கும் கடையில் ஒரு பேன்சீப்பு வாங்குங்கள். 1 செ.மீ. நீளத்தில் எத்தனை பற்கள் என்று எண்ணுங்கள். 16 பற்கள் இருந்தால், ஒரு பல்லுக்கும் ஓர் இடைவெளிக்கும் சேர்த்து 10 ÷ 16, அதாவது சுமார் 0.6 மி.மீ. பல்லும் இடைவெளியும் சம அளவானால், இடைவெளி 0.3 மி.மீ. சாதாரணச் சீப்பையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள்.

நாட்காட்டியும் தேவை

ஒருமுறை சீவினால் பேன் போகும். ஈர் பல மிஞ்சும். ஆகவே 1, 5, 9, 13-ஆம் நாட்களில் சீவ வேண்டும். நனைந்த தலையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அடியிலிருந்து நுனிவரை சீப்பு வழுக்கிச் செல்லும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். 17-ஆம் நாள் மறுபடி பாருங்கள். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

மருந்து தடவினாலும் இதே கணக்குத்தான். பல மருந்துகள் ஈரை முழுதும் கொல்வதில்லை; அதனால்தான் மருத்துவர் மறுமுறை தடவச் சொல்கிறார். மண்ணெண்ணெயை மட்டும் தடவவே கூடாது. தோல் புண்ணாகும், அடுப்பருகே போனால் தலையில் தீப்பற்றும்.

தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். தலையணை உறையைச் சுடுநீரில் துவைத்தால் போதும்.

சிந்தியுங்கள்: 5-ஆம் நாளோடு சீவுவதை நிறுத்தினால், அன்று பொரிக்காத ஈர் என்னவாகும்?