உதட்டுக் கொப்புளம்: களிம்பா, மாத்திரையா?

விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு எனக்கு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பும். விரதம், தூக்கமின்மை, அக்கினிச்சட்டி பார்க்க உச்சி வெயிலில் நிற்பது எல்லாம் சேர்ந்து கிளப்பிவிடும். "பல்லி மூத்திரம் பட்டிருக்கு மதினி, வேளார் வீட்ல அக்கி எழுதிட்டு வாங்க" என்பார்கள். காவி பூசினால் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். பெரும்பாலும் சிறு வயதில் யாரோ கொடுத்த முத்தத்தில் தொற்றியிருக்கும். அதன்பின் முகத்து நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், மாதவிடாய், மனஉளைச்சல் எதுவும் அதை எழுப்பலாம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வெட்கப்பட்டு முந்தானையால் மூடிக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

கொப்புளம் தெரிவதற்கு முன்பே உதட்டில் ஒரு குறுகுறுப்பு, ஒரு எரிச்சல் வரும். சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். மருந்துக்கான நேரம் அதுதான். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றனவே தவிர, நரம்புக்குள் உறங்குவதை அழிப்பதில்லை. நீர் கோத்துக் கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டிய பிறகு எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எதுவும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாக ஆறிவிடும்.

5 சதவீத அசைக்ளோவிர் களிம்பை விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணிக்கொரு தடவை, நாளைக்கு ஐந்து முறை, நான்கைந்து நாள் தடவ வேண்டும். அப்படித் தடவினாலும் சராசரியாக அரை நாள் போலத்தான் சீக்கிரம் ஆறும். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது வாலாசைக்ளோவிர் மாத்திரை: குறுகுறுப்பு தொடங்கியதும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். அதோடு சரி. இதில் ஒரு நாள் அளவுக்கு மிச்சமாகும். இரண்டுமே பெரிய லாபமில்லை என்பது உண்மை. ஆனாலும் எங்கள் ஊர் வேலைக்கு மாத்திரைதான் பொருந்துகிறது என்பேன்.

நான் பட்டாசு ஆலையில் பேக்கிங் கணக்கு பார்க்கிறேன். வெடிமருந்து அறையில் இருக்கும் பெண்களின் கையெல்லாம் அலுமினியப் பொடியும் கந்தகமும். அந்த விரலால் புண்ணைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், சோப்புப் போட்டுக் கழுவி, தடவி, மறுபடி கழுவி வர வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு, அதுவும் தீபாவளி நெருங்கும்போது, அந்த நேரமெல்லாம் கூலி. தடவியதும் வியர்வையில் வழிந்துவிடும். ட்யூபை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி உறையில் போட்டிருக்கும். நம் ஊர்க் கோடையில் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும்! இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கக் காசு தர வேண்டியதில்லை. அடுத்த தடவைக்கும் சேர்த்து முன்கூட்டியே சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே இருப்பவர், எப்போதோ ஒரு தடவை சிறிதாக வருகிறவர் என்றால் களிம்பு போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் வந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலோ, களிம்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தினமும் குறைந்த அளவில் மாத்திரை எடுத்து வரவிடாமலே தடுக்கும் வழி உண்டு.

மெடிக்கல் கடையில் "புண்ணுக்கு ட்யூப்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு களிம்பு கையில் வந்தால், அதைத் தடவத் தடவ வைரஸ் இன்னும் பரவும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கும் இதில் வேலையில்லை. வாய்க்குள் வரும் புண் வேறு, இது வேறு.

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வைரஸ் கண்ணுக்கும் பரவிக் கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை போகும். பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் பொருக்கு உதிரும் வரை முத்தம் கூடாது. பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. சில வார வயதுக் குழந்தைக்கு இது உயிரையே எடுக்கலாம். துண்டு, டம்ளர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில்தான் வருகிறது என்று தெரிந்தவர்கள் 30 எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம் வாங்கி, வெளியே கிளம்பும் முன் பூசுங்கள், இடையிடையேயும் பூசுங்கள். பங்குனி பிறந்ததும் என் பையில் அது ஏறிவிடும், மாத்திரை அட்டையும் கூடவே.