திமிங்கலச் சுறாவோடு நீந்த, கிணற்றில் தொடங்குங்கள்

தீவுக்குப் போகலாம் என்று சேலம், நாமக்கல் பக்கத்தில் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி, "ஆளுக்கு எவ்வளவுங்க ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது, "கடைசியா எப்பத் தண்ணியில எறங்குனீங்க?" சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மாலத்தீவின் தெற்கு ஆரிப் பகுதிக்குப் போய் வருவது சில வருடங்களாக எனக்குப் பழக்கம். போவது ஒரே காரியத்துக்காக. திமிங்கலச் சுறாவோடு நீந்த.

உலகத்திலேயே பெரிய மீன் அது. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இனம் சுறா. சுறாதான் என்றாலும் மனிதரைக் கடிக்கிற பிராணி இல்லை. வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கி, அதில் இருக்கும் நுண்ணுயிர்களையும் சின்ன மீன்களையும் முட்டைகளையும் வடிகட்டித் தின்னும். 18 மீட்டர் வரை வளரக்கூடியது. தெற்கு ஆரியில் சுற்றுபவை பெரும்பாலும் இன்னும் பருவத்துக்கு வராத ஆண் மீன்கள். 4 முதல் 8 மீட்டர் வரை இருக்கும். 6 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஆறு சக்கர லாரியின் பாடி நீளம். நாமக்கல்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் நாம் கடலுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள். கிழக்கே போனால் கடலைப் பார்க்க ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நமக்கு நீச்சல் என்பது கிணறுதான். என் வயதுக்காரர்கள் இடுப்பில் சுரைப்புருடையோ கேனோ கட்டிக்கொண்டு, மேலே பெரியப்பா கயிற்றைப் பிடித்திருக்க, தோட்டத்துக் கிணற்றில் கற்றோம். பெண் பிள்ளைகளையும் இறக்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊரெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு, திறந்த கிணறுகள் பாதி வற்றிவிட்டன, மீதி குப்பைக்குழி ஆகிவிட்டன. அதனால் என் குழுக்களில் ஐம்பது வயதுக்காரர்கள் நன்றாக நீந்துவார்கள், இருபத்தைந்து வயதுக்காரர்கள் தடுமாறுவார்கள். வயதானவர்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இளசுகளைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கிணற்று நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கடலுக்கென்று சில பழக்கங்களை மாற்ற வேண்டும். கிணற்றில் நாம் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு கையால் அடித்து நீந்துவோம். நாலு வீச்சில் படி கைக்கு வந்துவிடும். கடலில் பிடிக்கப் படி கிடையாது. முகம் தண்ணீருக்குள், மூச்சு வாய் வழியாகக் குழாயில், கைகள் உடம்போடு சும்மா, வேலையெல்லாம் காலுக்கு. முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதைப் போல் உதைத்தால் ஃபின் போட்டும் நகர மாட்டீர்கள். இடுப்பிலிருந்து நீளமாக, மெதுவாக அசைக்க வேண்டும். இதைக் கற்க கடல் தேவையில்லை. தண்ணீர் இருக்கிற ஒரு கிணறோ ஊர் நீச்சல் குளமோ போதும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்க், ஸ்நார்கல், ஃபின் போட்டுப் பழக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காவிரியில் மட்டும் வேண்டாம். ஜேடர்பாளையமோ மோகனூரோ, ஆற்றில் இழுப்பும் மணல் அள்ளிய பள்ளமும் எங்கே என்று உள்ளூர்க்காரருக்கே தெரிவதில்லை.

பயிற்சியில் எதைப் பார்ப்பேன் என்றால், வேகத்தை அல்ல. குழாய்க்குள் தண்ணீர் புகுந்ததும் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை. புகாமல் இருக்காது. பலமாக ஒரு ஊது ஊதித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அதே நிலையில் மிதக்கிறவர் தயார். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறவர் இன்னும் சில ஞாயிறுகள் வர வேண்டும்.

மாஸ்க்கும் அவரவர் முகத்துக்குப் பொருந்த வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் கீழே விழாமல் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டு ஓரத்தில் கசியும். கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம், அல்லது மீசையின் மேல் விளிம்பை மட்டும் ஒதுக்கிவிடலாம். பெரிய கல் வைத்த மூக்குத்தி மாஸ்க்குக்குள் அழுத்தி வலிக்கும், சின்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பட்டை வழுக்கும். கொலுசும் மெட்டியும் ஃபினுக்குள் தோலை அறுத்துவிடும், ஊரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் நீச்சல் சட்டைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளலாம். சுடிதாரும் துப்பட்டாவும் தண்ணீரில் கனமாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும், அது ஆபத்து. முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால் வரை லெக்கின்ஸ் போதும். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் இந்த உடை அவர்களுக்கும் சங்கடம் தராது, முதுகும் வெந்து போகாது. குப்புற மிதந்துகொண்டே இருப்பதால் முதுகு எரிவதே தெரியாது, இரவில்தான் தெரியும்.

எதற்காக இவ்வளவு தூரம், எதற்காக அந்த இடம்? திமிங்கலச் சுறாவை வருடம் முழுதும் பார்க்கக் கூடிய இடங்கள் உலகத்தில் குறைவு. தெற்கு ஆரியின் வெளிப்புறப் பவளத்திட்டு அதில் ஒன்று. மாலத்தீவில் முன்பு ஈரல் எண்ணெய்க்காக இதை வேட்டையாடினார்கள். 1995இல் தடை வந்தது. 2009இல் ரங்காலித் தீவிலிருந்து திகுராத் தீவு வரைக்கும் நீளும் வெளித்திட்டைச் சுமார் 42 சதுர கிலோமீட்டர் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். நம் நாட்டிலும் இதே கதைதான். குஜராத்தின் வேராவல் கடற்கரையில் ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூச எடுப்பார்கள், இறைச்சியை ஏற்றுமதி செய்வார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அந்தக் கொலையை வெளியே காட்டியது; 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்ந்தது. சட்டத்தைவிடப் பெரிதாக வேலை செய்தது 2004இல் தொடங்கிய பிரசாரம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருகிற மகள் இந்த மீன் என்று ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு மீனவர்களிடம் சொன்னார். அதன்பின் வலையில் சிக்கியதை வலையை அறுத்து விட்டுவிடத் தொடங்கினார்கள், அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. இந்தக் கதையை முன்பணம் வாங்குவதற்கு முன்பே என் குழுவில் சொல்லிவிடுவேன். வலையையே அறுத்தவர்கள் இருக்கும்போது, நாம் மூன்று மீட்டர் தள்ளி நிற்பது பெரிய தியாகம் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டியது இன்னொன்று. ராசிபுரத்துப் பையன் ஒருவன் கேட்டான், "ஏனுங்கக்கா, காசும் கட்டி அத்தன தூரம் போயி, மீனு வரலீன்னா என்னங்க பண்றது?"

"வரலீன்னா வரலீங் கண்ணு. ஆமை, திருக்கை, பவளத்திட்டு எல்லாத்தையும் பாத்துட்டு வருவோம். அதுக்குச் சம்மதம்னா பணம் கட்டு."

கட்டாயம் காட்டுவேன் என்று சொல்லும் இடங்களும் உலகத்தில் உண்டு. பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் ஒஸ்லோப் என்ற ஊரில் 2011 முதல் தினமும் காலையில் சிறு இறாலைப் போட்டுத் திமிங்கலச் சுறாக்களைக் கரையோரமாக வரவழைக்கிறார்கள். நாள் தவறாமல் பார்க்கலாம். ஆனால் இரை தேடி இடம் பெயர வேண்டிய மீன் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது, கை நீட்டுகிற படகுகளை நோக்கியே வந்து உரசிக் காயப்படுகிறது. பார்க்கப் போகிறவர்கள் 'கட்டாயம்' கேட்பதால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. அதனால் கட்டாயம் கேட்பவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. சொந்தத் தம்பி மனைவி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

போகிற வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு, கொச்சி இரண்டிலிருந்தும் மாலேவுக்கு நேரடி விமானம் உண்டு. சேலத்துக்காரர்களுக்குப் பெங்களூரு வசதி. இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை, இறங்கியதும் இலவச அனுமதி கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் விடுதிப் பதிவும் கையில் இருக்க வேண்டும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணப் படிவமும் நிரப்ப வேண்டும். மாலேவிலிருந்து திகுரா, தங்கெத்தி தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரிசார்ட் தேவையில்லை. உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாவது அதுதான். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டு போகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் அங்கே தடை. கைப்பையில் எப்போதும் இருக்கிற சின்ன முருகன் சிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம் பெரியவர்கள் நினைப்பே இல்லாமல் எடுத்து வந்துவிடுவார்கள் என்பதால் புறப்படும் அன்று பைகளை நானே ஒரு முறை கேட்டுச் சரிபார்ப்பேன். ரமலான் மாதத்தில் பகலில் உள்ளூர்த் தீவுகளில் உணவகங்கள் மூடியிருக்கும்; பெரிய குழுவாகப் போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. சாப்பாடு நமக்குப் பிடிக்கும். சூரை மீனை உதிர்த்து, தேங்காய், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்த மாஸ் ஹுனியும் சப்பாத்தியைப் போன்ற ரோஷியும் காலை உணவு. சைவக்காரர்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்து வரட்டும். ஆம்லெட்டுக்கு உடைக்கிற முட்டை நம் ஊரிலிருந்தே போயிருக்கலாம். நாமக்கல் முட்டை மாலத்தீவுக்கு ஏற்றுமதியாகிறது.

கடல் அடங்கி இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களிலும் மீன் இருக்கும், ஆனால் அலையும் மழையும் கிணற்று நீச்சல்காரர்களைப் பயமுறுத்திவிடும். படகில் குமட்டல் வருகிறவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை.

படகு திட்டின் விளிம்பை ஒட்டி மெதுவாக ஓடும். மேல்தளத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு நீல நிறத்துக்குள் ஒரு கரிய நிழலைத் தேடுவார்கள். ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். நிழல் தெரிந்ததும் எல்லாம் ஒரே கூச்சலாகிவிடும். பக்கத்துப் படகுகளும் திரும்பும். கைடு "இறங்கு, இறங்கு" என்பார். கிணற்று மேட்டிலிருந்து தொம்மென்று குதித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் கை கால் பரபரக்கும். அங்கேதான் அடக்கம் வேண்டும். படகின் ஓரத்தில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கையால் அமுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். தபதபவென்று விழுந்தால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். முன்னால் இறங்கியவர் தலையிலும் விழுவோம். குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடியை விட்டு யாரும் விலகக் கூடாது என்று படகிலேயே ஒருமுறை சொல்லி வைத்துவிடுங்கள்.

விதிகள் எளிமையானவை. உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; தொடக் கூடாது; ஃபிளாஷ் கூடாது; முன்னால் போய் வழி மறிக்கக் கூடாது. வாலின் ஒரு வீச்சு ஆளைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால் அந்த நாலு மீட்டர் நமக்காக. மற்றவை அதற்காக. மீன் நம் நடைவேகத்தில்தான் போவதாகத் தெரியும். அதற்குக்கூட நம் நீச்சல் ஈடு கொடுக்காது. பின்னாலிருந்து துரத்துகிறவர்கள் வாலைத் தவிர ஒன்றையும் பார்ப்பதில்லை, சீக்கிரம் மூச்சிரைத்துப் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கவாட்டில், மார்புத் துடுப்புக்கு நேராக, தள்ளி இருந்துகொண்டு ஒரே சீராக அசைகிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்: உடம்பு நெடுக ஓடுகிற முகடுகள், சாம்பல் நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள், வாய்க்கு முன்னால் அதன் வேகத்திலேயே நீந்தும் மஞ்சள் குட்டி மீன்கள், வயிற்றில் ஒட்டிக்கொண்டு வருகிற மீன்கள், அந்தப் பெரிய தலையின் ஓரத்தில் ரொம்பச் சின்னதாக ஒரு கண். அந்தக் கண் நம் பக்கம் திரும்பும். என் மாமியார் ஊர்க்காரர், லாரி பட்டறை நடத்துகிறவர், மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் சொன்னது, "அது நம்மளப் பாத்துச்சுங்க." சிலதின் முதுகுத் துடுப்பு பாதியாக இருக்கும், சிலதுக்கு வரிவரியாகத் தழும்பு இருக்கும். படகின் புரொப்பெல்லர் வெட்டியது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் விதியை நினைவுபடுத்த வேண்டி வந்ததில்லை.

நீச்சல் தெரியாதவர்கள் இந்த இடத்தில் இறங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பு. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்பார்கள். காலுக்குக் கீழே அடி தெரியாத நீலம், சுற்றிலும் பிற குழுக்களின் கால் உதைகள், கூச்சல்; அங்கே பயம் பிடித்தால் ஜாக்கெட் மிதக்க வைக்குமே தவிர மூச்சைச் சீராக்காது. அவர்களைத் தீவின் உட்புறக் காயலில், இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க் போட்டுப் பார்க்க வையுங்கள். அங்கேயும் திருக்கையும் குட்டிச் சுறாவும் வரும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு இருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். குழாயில் மூச்சு விடுவது இதயத்துக்குக் கூடுதல் வேலை. கேட்கக் கூச்சப்படாதீர்கள், மறைப்பதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் தங்கள் முகத்தை எடுப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, மீனின் இடது பக்கம், செவுள் பிளவுகளுக்குப் பின்னால் மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள புள்ளிகளைத் தெளிவாக எடுங்கள். கைரேகையைப் போல ஒவ்வொரு மீனுக்கும் அந்தப் புள்ளி அமைப்பு தனி. வானில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண எழுதிய கணினி முறையைத்தான் இந்தப் புள்ளிகளை ஒப்பிடவும் பயன்படுத்துகிறார்கள். 2006 முதல் அங்கே வேலை செய்யும் மாலத்தீவு திமிங்கலச் சுறா ஆராய்ச்சித் திட்டம் பயணிகள் அனுப்பும் படங்களையும் வாங்கி, எந்த மீன் எப்போது எங்கே வந்தது என்று பதிவு வைக்கிறது. படத்தோடு தேதி, நேரம், இடம், காயம் ஏதாவது இருந்ததா என்பதையும் எழுதுங்கள். விடுதிக்குத் திரும்பிய அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். ஊருக்கு வந்துவிட்டால் லோடும் கோழிப்பண்ணையும் பிள்ளைகளின் பரீட்சையும் நேரம் விடாது.