நடுவில் துளை போடலாம், முனையில் கூடாது

கேள்வி: கனடாவில் வீடு கட்டும் தச்சுக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். முழு மரச்சட்டத்தில் தரை அமைத்துப் பழகிய கை. இங்கே எல்லாம் ஐ-ஜாய்ஸ்ட்: மேலும் கீழும் கட்டை, இடையில் மெல்லிய பலகை நிற்கும் ‘I’ வடிவத் தரைச்சட்டம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பழைய கைப்பழக்கத்தை. முழுச் சட்டத்தில் குழாய்க்காக விளிம்பைக் கொஞ்சம் செதுக்கியிருப்பீர்கள். இதில் மேல்கட்டையையும் கீழ்க்கட்டையையும் இடையில் எங்குமே வெட்டக் கூடாது. பாரத்தில் வளையும்போது அமுக்கத்தையும் இழுவிசையையும் தாங்குவது அந்த இரண்டும்தான்.

நடுப்பலகை, மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. அதில் துளை போடலாம். ஆனால் எங்கே? நடுவில் போட்டால் முறிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு. வெட்டுவிசை சுவரை ஒட்டிய முனைகளில்தான் அதிகம்; அதனால் பெரிய துளைகள் நடுப்பகுதிக்கே. எவ்வளவு பெரிது என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். கண்மதிப்பு வேண்டாம்.

மேல்மாடித் தூணின் பாரம் இறங்கும் இடத்தில் ஜாய்ஸ்ட்டின் இரு பக்கமும் முட்டுக்கட்டை நிறுத்துவார்கள். அதை ஜாய்ஸ்ட்டைவிட 1/16 அங்குலம் உயரமாக அறுக்க வேண்டும். அப்போதுதான் பாரம் கட்டை வழியே கீழே போகும், மெல்லிய பலகையை நசுக்காது. பிசகு என்று நினைத்துச் சீவிவிடாதீர்கள்!

தூக்கும்போது நிமிர்த்தியே தூக்குங்கள், படுக்கவைத்தால் துவளும். பக்கத்தாங்கல் அடிக்கும்வரை மேலே ஏறி நடக்காதீர்கள். முழுச் சட்டத்தை நம்பி நடந்த கால் இதில் ஏமாறும், ஜாய்ஸ்ட் பக்கவாட்டில் சாயும்.