மேல்பார்த்த குழந்தை, முதுகில் வலி: பிரசவ நேரக் குறிப்புகள்

சில பெண்களுக்குப் பிரசவ வலி வயிற்றில் அவ்வளவாகத் தெரியாது. முதுகின் அடியில், இடுப்பெலும்புகள் சேரும் இடத்தில், எலும்பே விட்டுப்போவதுபோல் வலிக்கும். ஒரு வலி அடங்கி அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியிலும் முழுசாக விடாது. பல நேரம் இதற்குக் காரணம் குழந்தை கிடக்கும் விதம். தலை கீழேதான் இருக்கும். ஆனால் முகம் தாயின் முதுகுப் பக்கம் இல்லாமல் வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கும். அதன் பிடரி எலும்பு தாயின் இடுப்பின் பின்னெலும்பை அழுத்துகிறது. மருத்துவமனையில் இதை 'ஓ.பி. பொசிஷன்' என்பார்கள். முகம் முதுகைப் பார்த்து, தாடை மார்பில் படிந்து வரும் குழந்தையின் தலை சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் குறுக்களவில் இறங்கும். மேல்பார்த்த தலை சுமார் பதினொன்றரை சென்டிமீட்டர் வரை வழி கேட்கும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை. வலி தொடங்கும்போது நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது குழந்தைகள் வரை இப்படி இருக்கலாம். பிறக்கும்போதும் அப்படியே இருப்பவை ஐந்து அளவுதான். மற்றவை வரும் வழியிலேயே தானாகத் திரும்பிவிடுகின்றன. அது திரும்பும்வரை தாயைத் தாங்குவதுதான் வீட்டாரின் வேலை. கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கு மருத்துவமனை ஆட்டோ தூரம். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கும் பெண்ணுக்கு நீண்ட வலியோடு நீண்ட பாதையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பேரையும் மனதில் வைத்து இவற்றை எழுதுகிறேன்.

1. கடைசி மாதப் பரிசோதனையில் கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: "தலை இறங்கிருச்சா? முதுகு எந்தப் பக்கம் இருக்கு?" தொப்புளைச் சுற்றிக் குழிந்த மாதிரி வயிறு தெரிவது, உதை எல்லாம் முன்பக்கமே விழுவது, அடிக்கடி முதுகு கடுப்பது எல்லாம் அடையாளங்களாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து வீட்டில் முடிவு கட்டாதீர்கள். கையால் தொட்டுப் பார்த்தோ ஸ்கேனிலோதான் உறுதியாகும். குழந்தை சரியாக இருந்தும் முதுகு வலிக்கிற பெண்கள் உண்டு. மேல்பார்த்திருந்தும் முதுகே வலிக்காதவர்களும் உண்டு.

2. "நீ மல்லாக்கப் படுத்ததாலதான்", "குனிஞ்சு வீடு துடைக்காம சொகுசா இருந்ததாலதான்" என்று யாரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல வேண்டாம். கடைசி வாரங்களில் தினமும் கையும் முட்டியும் ஊன்றி இருந்தால் குழந்தை திரும்புமா என்று ஆஸ்திரேலியாவில் 2,547 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தது. அப்படி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், பிறக்கும்போது குழந்தை இருந்த நிலையில் வித்தியாசமே இல்லை. குனிந்து நிமிர்வது உடம்புக்கு இதமாக இருந்தால் செய்யட்டும். நிறைமாத வயிற்றோடு தரை துடைக்கவைத்து அதை மருத்துவம் என்று சொல்வது நியாயமில்லை.

3. மலையில் இருப்பவர்கள் வலி வந்த பிறகு இறங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு குறிப்பை மட்டுமாவது ஒவ்வொரு மலைவீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் நல்லது. மேல்பார்த்த குழந்தையின் பிரசவம் பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கும். "இன்னும் நேரம் இருக்கு" என்ற நினைப்பிலேயே ஒரு ராத்திரி போய்விடும். பிறகு திடீரென வலி பிடிக்கும்போது, வெள்ளிமலை, கரியாலூரில் இருந்து கோமுகி அணை, கச்சிராயப்பாளையம் வழியாக வளைவு வளைவாக இறங்கி வர வேண்டியிருக்கும். மழைக்காலம் என்றால் சொல்லவே வேண்டாம். மலைப்பகுதிப் பெண்களுக்காகத் தமிழக அரசு பிரசவ காத்திருப்பு அறைகளை ஏற்படுத்தியிருக்கிறது. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து, துணைக்கு ஒருவரோடு, சாப்பாட்டுடன் தங்கலாம். உங்கள் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது, எந்த நாளில் வர வேண்டும் என்று எட்டாம் மாதத்திலேயே செவிலியரிடம் கேட்டுவையுங்கள். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுவும் சரி. மலையின் மேற்குப் பக்க ஊர்களுக்குக் கருமந்துறை, ஆத்தூர் வழி கிட்டமாக இருக்கலாம். அதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மாவட்டத்தில் பெரிய அரசு மருத்துவமனை என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் நேராக எங்கே போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. 108 எண்ணோடு செவிலியரின் எண்ணையும், வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செல்போன் எடுக்காத ஊர் என்றால் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும், யார் ஓடிப்போய்ப் பேசுவது என்பதையும் தீர்மானித்துவிடுங்கள்.

5. பையில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பழைய மெத்தென்ற சேலை இரண்டு, நாப்கின், குழந்தைக்குத் துணி. இவற்றோடு வெந்நீர்ப் பை ஒன்று, ஒரு ரப்பர் பந்து, சின்னத் தலையணை ஒன்று. கடைசி மூன்றும் முதுகுக்கு.

6. ஆரம்ப வலி ஒழுங்கில்லாமல் வந்து வந்து போகும். ஒரு நாள் முழுக்கக்கூட இப்படி இழுக்கும். அந்த நேரத்தில் "நட, நட" என்று விரட்டி அவளைக் களைக்கவைக்காதீர்கள். ராத்திரி என்றால் தூங்கட்டும், பகல் என்றால் வழக்கமான வேலையைச் செய்யட்டும். பலம் பின்னால்தான் தேவைப்படும். சாதாரணமாக, தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பார்கள். மலைக்காரர்களுக்கும், முன்பே பெற்றவர்களுக்கும், வீடு தூரமாக இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வலி என்று தெரிந்ததும் கிளம்புங்கள்.

7. முதுகை அழுத்துவதுதான் இந்த வலிக்குக் கைகண்ட உதவி. காசு செலவில்லை, மருந்தில்லை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அவள் கட்டிலின் மேலோ நாற்காலியின் மேலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்கட்டும். பின்னால் நிற்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை, வால் எலும்புக்குச் சற்று மேலே இருக்கும் தட்டையான எலும்பில் வைத்து, வலி ஏறும்போது அழுத்தத் தொடங்கி, உச்சத்தில் பலமாக அழுத்தி, இறங்கும்போது மெல்ல விட வேண்டும். தேய்க்க வேண்டாம், ஒரே இடத்தில் அழுத்தினால் போதும். எந்த இடம், எவ்வளவு பலம் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். "இன்னும் கீழ", "இன்னும் அழுத்து" என்று சொன்னால் தயங்காதீர்கள். இதற்கு நல்ல பலம் வேண்டும். மாமியார் ஒருவரால் மணிக்கணக்கில் முடியாது. அம்மா, நாத்தனார், கணவர் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கை ஓய்ந்தால் ரப்பர் பந்தையோ முஷ்டியையோ வைத்து அழுத்தலாம். தனியாக இருக்கும் நேரத்தில் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். கணவன்மார்கள் ஒன்பதாம் மாதத்திலேயே ஒரு தடவை செய்து பழகிவிடுவது நல்லது.

8. இன்னொரு முறை: இரண்டு கைகளையும் இடுப்பின் இரு பக்கமும், புட்டத்தின் மேல் சதையில் வைத்து, வலி வரும்போது உள்நோக்கி அமுக்குவது. சிலருக்கு முன்னதைவிட இது இதமாக இருக்கும்.

9. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர்ப் பை இல்லாவிட்டால் கல்லுப்பை வாணலியில் வறுத்துத் தடித்த துணியில் முடிந்துகொள்ளலாம். உங்கள் முன்கையின் உட்பக்கம் வைத்துப் பார்த்து, சுடாது என்று தெரிந்த பிறகே அவள் முதுகில் வையுங்கள். வலியில் இருப்பவளுக்குத் தோல் பொசுங்குவது தெரியாமல் போகலாம். இடுப்பில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பதும் நல்லது, பனிக்குடம் உடையாமல் இருந்தால்.

10. கையும் முட்டியும் ஊன்றி, பாயில் மடித்த போர்வை போட்டு, தலையணையில் மார்பைச் சாய்த்து இருக்கச் சொல்லுங்கள். குழந்தையின் எடை முதுகெலும்பில் இருந்து விலகி வயிற்றுப் பக்கம் தொங்கும். மேல்பார்த்த குழந்தையோடு வலியில் இருந்த 147 பெண்களைப் பல நாடுகளின் மருத்துவமனைகளில் கவனித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்களுக்கு முதுகுவலி குறைந்தது தெரிந்தது. குழந்தை கட்டாயம் திரும்பிவிடும் என்று அதில் நிரூபணமாகவில்லை. வலி குறைகிறதே, அது போதாதா?

11. மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். அந்தப் பிடரி முழுசாக முதுகில் இறங்கும். பெரிய ரத்தக் குழாய்களும் அழுந்தும். படுக்க வேண்டும் என்றால் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து. சலித்துப்போனால் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தைக் கட்டிக்கொள்ளட்டும், இடுப்பை வட்டமாக ஆட்டட்டும், திண்ணைப் படியில் ஒரு காலை வைத்து லேசாக அசையட்டும். அரை மணிக்கு ஒருதரம் மாற்றினால் நல்லது.

12. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். நிறைந்த மூத்திரப்பை தலை இறங்குவதைத் தடுக்கும்.

13. நீண்ட வலிக்குச் சாப்பாடும் வேண்டும். சாமைக் கஞ்சி, மோர், இளநீர், சீரகத் தண்ணீர், பேரீச்சம்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிக்கல் இல்லாத பிரசவத்தில் வலியின்போது தண்ணீரும் ஆகாரமும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு செவிலியரைக் கேட்டுக் கொடுங்கள்.

14. செய்யவே கூடாதவை மூன்று. விளக்கெண்ணெய் குடிக்கவைப்பது: வயிற்றுப்போக்கில் அவள் துவண்டுவிடுவாள். வீட்டில் யாரையாவது வைத்து 'வலி ஊசி' போடுவது: கர்ப்பப்பை கிழியலாம், குழந்தைக்கு மூச்சு முட்டலாம். மேல்வயிற்றில் கையை வைத்துக் குழந்தையைக் கீழே தள்ளுவதும், வெளியிலிருந்து பிசைந்து திருப்பப் பார்ப்பதும்: தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

15. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள். தண்ணீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம். மேல்பார்த்த குழந்தையின் தலை இறங்காமல் மேலேயே நிற்பது உண்டு. அப்போது தண்ணீரோடு தொப்புள்கொடி முன்னால் நழுவக்கூடும். அரிதுதான், ஆனால் நடந்தால் நிமிடங்கள்தான் கணக்கு. கொடி தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். அவளை முட்டி போட்டு, மார்பு தரையில் பட, இடுப்பு உயர இருக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் போவது, வலிப்பு, கடுமையான தலைவலி, கண் மங்குவது, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது: எதுவானாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

16. மலைப்பாதையில் வரும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் முதுகை அழுத்திக்கொண்டே வரலாம். வளைவுகளில் குமட்டும், ஒரு பாலிதீன் பையும் நனைத்த துண்டும் கையில் இருக்கட்டும்.

17. இந்தப் பிரசவத்தில் கர்ப்பவாய் முழுசாகத் திறக்கும் முன்பே முக்க வேண்டும் போல வரும். பிடரி பின்னால் அழுத்துவதால் மலம் வருவது மாதிரியே இருக்கும். அப்போது முக்கினால் கர்ப்பவாய் வீங்கித் தாமதம் கூடும். செவிலியரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "முக்கலாம்" என்று அவர் சொல்லும்வரை வாயால் புஸ் புஸ் என்று மூச்சை ஊதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரும் கூடவே ஊதினால் அவளுக்குச் சுலபம்.

18. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க அனுமதி கேளுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு உண்டு. நன்றாக முதுகு அழுத்தத் தெரிந்தவரே உள்ளே போகட்டும். வயதில் மூத்தவர் என்பதற்காக ஒருவரை அனுப்ப வேண்டாம்.

19. சில நேரம் குழந்தை திரும்பாது. டாக்டர் கையால் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், வேக்குவமோ ஆயுதமோ வைக்கலாம், ஆபரேஷன் என்று சொல்லலாம். "குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கு? எவ்வளவு திறந்திருக்கு? இன்னும் கொஞ்சம் காத்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள். மேல்பார்த்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் கட்டாயம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் ஆபரேஷனில் முடிகின்றன. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தவறே இல்லை. அதே சமயம், துடிப்பு குறைகிறது, தலை இறங்கவில்லை என்று அவர்கள் சொன்னால் கையெழுத்துப் போடத் தாமதிக்காதீர்கள். அவள் தோற்றுவிட்டாள் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம்.

20. பிறந்த குழந்தையின் தலை நீண்டோ கோணலாகவோ இருக்கும். சில நாளில் தானாகச் சரியாகும். எண்ணெய் தடவி உருட்டி 'வடிவம் பிடிக்க' வேண்டாம். இந்தப் பிரசவத்தில் தாய்க்குக் கீழே ஆழமாகக் கிழியும் வாய்ப்பு சற்று அதிகம். எவ்வளவு தையல், எப்படிக் கழுவ வேண்டும் என்று வீட்டுக்கு வரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட வலிக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் அதிகம் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுசாக நனைந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் இருந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசம். மலைக்குப் போக வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள்.