சாலைக் கடைத்தெருவும் சுமைத் தொழிலாளரும்

தட்பவெப்பநிலை மாற்றத்தைத் தடுக்கும் பொருட்டு நிலக்கரியையும் எண்ணெயையும் விடுத்து வேறு ஆற்றல்களுக்கு நாடுகள் மாறிவருகின்றன. அம்மாற்றத்தின் சுமையை உழைப்பவர் தலைமேல் மட்டும் ஏற்றலாகாது என்னும் கருத்து 'நியாயமான மாற்றம்' எனப்படுகிறது. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையில் இக்கருத்து இடம்பெற்றது. அதே ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் இதற்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இப்பொருளை விளக்குவோர் பெரும்பாலும் சுரங்கங்களையே எடுத்துக்காட்டுவர். தலைமேற்சுமை என்பது உவமையாக அன்றி உண்மையாகவே காணப்படும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசரால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட இக்கடைத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. தமிழ் வணிகரும் தமிழ்த் தொழிலாளரும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் இது. இங்கே கடை நடத்திவந்த ஆ. மாதவன், இத்தெருவின் மாந்தரைத் தம் கதைகளால் தமிழ் வாசகர்க்கு அறிமுகப்படுத்தினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

எண்ணெய் வண்டிகள் வருமுன் சரக்குகள் எவ்வாறு வந்தன? 1820களில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு வழியே வள்ளங்கள் வள்ளக்கடவு வரை வந்தன. நிலவழியில் மாட்டுவண்டிகள் வந்தன. இவ்விரண்டும் எட்டாத இடங்களுக்கு மனிதன் சுமந்தான். பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் இதற்குச் சான்று. கரியமில வாயுவை மிகக் குறைவாகவே வெளியிட்ட போக்குவரத்து அது. எனினும் அதனைப் பொற்காலம் என எவரும் கூறார். வாயு குறைந்ததற்கு ஈடாகத் தேய்ந்தது மனிதனின் கழுத்தெலும்பு. புகை குறைந்த பொருளாதாரம் தானாகவே நீதியான பொருளாதாரம் ஆகிவிடும் என்று நம்புவோர் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

சட்டம் தந்த பாதுகாப்பு

சுமைத் தொழிலாளர்க்கென 1969இல் மகாராஷ்டிரம் இயற்றிய மத்தாடிச் சட்டம் ஒரு முன்னோடி. அதனையடுத்துக் கேரளத்தில் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும், 1983இல் வேலை ஒழுங்கு மற்றும் நலத் திட்டமும் வந்தன. தொழிலாளி பதிவு பெறுகிறார். அடையாள அட்டை பெறுகிறார். திட்டம் செயற்படும் வட்டாரங்களில் வணிகர் கூலியையும் அதன்மேல் விதிக்கப்படும் தீர்வையையும் நலவாரியத்தின் குழுவிடம் செலுத்துகின்றனர். அத்தொகையிலிருந்து விடுமுறை ஊதியம், போனஸ், பணிக்கொடை முதலியன வழங்கப்படுகின்றன. நிலையான முதலாளி எவரும் இல்லாத ஒருவருக்குப் பணிக்கொடை கிடைக்கச் செய்தது சிறிய சாதனையன்று.

இவ்வுரிமை தவறாகவும் பயன்படுத்தப்பட்டது. பிறர் இறக்கிய சரக்குக்கு, பார்த்து நின்றதற்காகவே கேட்கப்பட்ட 'நோக்குக்கூலி' மக்களின் வெறுப்புக்கு உள்ளாயிற்று. 2018 மே முதல் நாளன்று அரசு அதனை ஒழித்தது. ஆயினும் அத்தீய வழக்கத்தின் வேரில் இருந்தது பேராசை மட்டுமன்று. இயந்திரம் வந்தால் தம் பிழைப்பு என்னாகும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. அச்சத்துக்கு விடை கூறாத மாற்றம் இத்தகைய முரட்டு வடிவங்களைத் தோற்றுவிக்கும்.

வெப்பம் என்னும் புதிய சுமை

1967ஆம் ஆண்டுச் சர்வதேசப் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடைக்கு 55 கிலோவை வரம்பாகக் குறித்தது. அவ்வரம்பு வெப்பத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை. வெப்பமான சூழலில் உடலுழைப்பால் உள்ளே தோன்றும் சூடு பெரும்பாலும் வியர்வை ஆவியாவதன் மூலம் வெளியேறுகிறது. கேரளக் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே வெப்பமானி காட்டும் அளவு மிதமாக இருப்பினும் உடல் படும் துன்பம் மிகுதி. வெப்பத்தால் 2030ஆம் ஆண்டில் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை இழக்கக்கூடும் எனச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது.

கோடைதோறும் கேரளத் தொழிலாளர் ஆணையர் வெயிலில் பணிபுரிவோர்க்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்க ஆணையிடுகிறார். பிற மாநிலங்களும் பின்பற்றத்தக்க ஏற்பாடு இது. நாட்கூலி பெறுவோர்க்கு இது நேரடியாக உதவும். மூட்டைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்கோ மூன்று மணி நேர ஓய்வு என்பது மூன்று மணி நேர வருவாய் இழப்பு. அன்றியும் லாரி வந்து சேரும் நேரம் அவர் கையில் இல்லை. இழந்த கூலியில் ஒரு பகுதியை நலவாரிய நிதியிலிருந்து ஈடுசெய்வது பற்றி அதிகாரிகள் சிந்திக்கலாம். அதற்கான தீர்வை முறை ஏற்கனவே உள்ளது. புதிதாக ஒரு நிறுவனம் தேவையில்லை.

மாற்றம் யார் பொறுப்பில்?

கடைத்தெருவின் வாயிலில் உள்ள கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையம் மற்றொரு பாடம் தருகிறது. 2022 ஆகஸ்டில் நகரச் சுற்றுச் சேவையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றை இயக்கும் பொறுப்பு, ஒப்பந்தப் பணியாளரைக் கொண்டு இயங்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. ஸ்விஃப்ட் என்னும் தனி நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவை மின்சாரத்தை எதிர்த்தன என்று கொள்வது பிழை. புதிய வண்டியுடன் பழைய பணிப்பாதுகாப்பும் வருமா என்பதே வினா.

சரக்குப் போக்குவரத்திலும் இதுவே நிகழக்கூடும். மின்சார மூன்றுசக்கர வண்டி மட்டும் வருமாயின் சுமப்பவர் வேலை குறையாது. மூட்டையை எவரேனும் ஏற்றியே ஆகவேண்டும். தூக்கு இயந்திரமும், மொத்தக் கிடங்கிலிருந்து கடைக்கு நேரடி விநியோகமும் சேரும்போதுதான் வேலை குறையும். மனிதன் தலையில் சுமப்பதை முடிவுக்குக் கொணரவேண்டும் என்னும் கருத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கொள்கை அளவில் இதனை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தை இயக்கப் போகிறவர் ஐம்பது வயதுச் சுமைத் தொழிலாளியா, வேறொருவரா? பதிவு பெற்றோர்க்கு முதலில் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கூலி, வயதானோர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியம் ஆகிய மூன்றும் இயந்திரம் வாங்கும் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

இதற்கும் வெளியே நிற்போர் உளர். வங்காளம், அஸ்ஸாம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கேரளம் வந்து கூலி வேலை செய்வோரில் சுமை தூக்குவோரும் உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லாத சுமைத் தொழிலாளிக்குத் தீர்வையில் பங்கு இல்லை. மாற்றம் வருங்கால் முதலில் வேலை இழப்பவரும் அவரே. எனவே இயந்திரத்திற்கான திட்டம் தீட்டுமுன், இன்று உண்மையில் சுமப்பவர் யார் எனக் கணக்கெடுப்பதே நலவாரியம் செய்யவேண்டிய முதற்பணி.