மலிவு கிளவுட் சேவைக்கு எந்தத் தொழில்நுட்பம் அடித்தளம்?

இன்று நமது கடைகளின் பில், இருப்புக் கணக்கு, மின்னஞ்சல், இணையத்தளம் எல்லாமே எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக இயங்கும் சேர்வர் ஒன்றில்தான் தங்கியிருக்கின்றன. அந்த இடத்தைச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த மாத வாடகைக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க, கணினி படித்த நமது பிள்ளைகள் பலர் ஆசைப்படுகிறார்கள். முதல் கொடுப்பவர் வாப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். முதல் போடுபவருக்கும் இத்தொழிலின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை எடுக்கும் முதல் முடிவு, எந்த மெய்நிகராக்க மென்பொருளில் தொழிலை நடத்துவது என்பதாகும். அது பிழைத்தால் பின்னர் திருத்துவதற்குச் செலவு அதிகம்.

மெய்நிகராக்கம் என்றால் என்ன?

பலமான ஒரு சேர்வரை மென்பொருளால் பிரித்து, பல சிறிய சேர்வர்களாக வாடகைக்கு விடுவதே மெய்நிகராக்கம். வாடகைக்கு எடுத்தவருக்கு அது தனிக் கணினி போலவே தோன்றும். இதில் இரண்டு பிரதான முறைகள் உள்ளன.

முதலாவது கொள்கலன் முறை. 2005 இல் வெளிவந்த ஓபன்விஇஸட், அதன் பின் வந்த எல்எக்ஸ்சி ஆகியவை இவ்வகை. இது ஒரு பெரிய மண்டபத்தைப் பலகையால் மறித்துக் கடைகளாக்குவது போன்றது. லினக்ஸின் இதயமான கேர்னல் எல்லோருக்கும் ஒன்றுதான். செலவு குறைவு, வேகம் நன்று, ஒரே சேர்வரில் அதிகம் பேரை அமர்த்தலாம். ஆனால் அந்தக் கேர்னலில் ஒரு கோளாறு ஏற்பட்டால் எல்லோரும் பாதிக்கப்படுவார்கள். விண்டோஸ் இதில் இயங்காது. விண்டோஸில் இயங்கும் கணக்கு மென்பொருளை வைத்திருக்கும் வியாபாரி உங்கள் வாடிக்கையாளராக வர முடியாது.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனிச் சுவர், தனிக் கதவு கொண்ட கடைத் தொகுதி போன்றது. கேவிஎம், ஸென், விஎம்வெயார் ஆகியவை இவ்வகை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொந்தக் கேர்னல் உண்டு. லினக்ஸோ விண்டோஸோ விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம். சற்றுக் கூடுதலாக ரெம் செலவாகும். இன்டெல் விடி அல்லது ஏஎம்டி-வி வசதியுள்ள புரொசசர் தேவை. இன்றைய சேர்வர்களில் அது இருக்கிறது.

சந்தை எங்கே போனது?

அமேசன் 2006 இல் தனது வாடகைக் கணினிச் சேவையை ஸென்னில் தொடங்கியது. 2017 இல் அது அறிமுகப்படுத்திய நைட்ரோ அமைப்போ கேவிஎம்மைத் தழுவியது. லினோட் நிறுவனமும் 2015 இல் ஸென்னிலிருந்து கேவிஎம்முக்கு மாறியது. கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கேர்னலின் ஒரு பகுதியாகவே வருவது இதற்கு முக்கிய காரணம். லினக்ஸ் வளரும்போது அதுவும் வளர்கிறது. மாறாக, ஓபன்விஇஸட்டின் ஆறாம் பதிப்பு 2.6.32 என்ற பழைய கேர்னலிலேயே தங்கியிருந்து, 2019 நவம்பரில் ஆதரவு முடிவுக்கு வந்தது. அதை நம்பித் தொழில் நடத்தியோர் வாடிக்கையாளர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

விஎம்வெயார் தரமானது. ஆனால் 2023 நவம்பரில் அதை புரொட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் காலத்துக்குக் காலம் கட்டும் சந்தாவாகியது. ரூபாவில் வாடகை வாங்கி டொலரில் சந்தா கட்டுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. மலிவு சேவைக்கு இந்தச் சுமை பொருந்தாது.

ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்குக் கேவிஎம்மே பொருத்தம். அதை நிர்வகிக்க 2008 முதல் வெளிவரும் புரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருளை லைசன்ஸ் கட்டணமின்றிப் பாவிக்கலாம். உதவிச் சேவை தேவையென்றால் மட்டும் சந்தா கட்டலாம். அதில் கேவிஎம், எல்எக்ஸ்சி இரண்டும் உண்டு. உங்கள் சொந்த வேலைகளுக்குக் கொள்கலனையும், அடுத்தவருக்கு வாடகை விடக் கேவிஎம்மையும் பாவியுங்கள்.

அளவையும் நிறுவையும்

இனி முக்கியமான கணக்கு. உதாரணமாக ஒரு சேர்வரில் 64 ஜிபி ரெம் இருக்கிறது. சேர்வரின் சொந்தத் தேவைக்கு 4 ஜிபி ஒதுக்கினால் மிகுதி 60. ஆளுக்கு 2 ஜிபி வீதம் 30 பேருக்குக் கொடுக்கலாம். "எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவதையும் பாவிக்க மாட்டார்கள்" என்று 60 பேருக்கு விற்றால் வருமானம் இரட்டிப்பாகும். மிக மலிவான சேவைகள் சிலவற்றின் இரகசியம் இதுதான். கொள்கலன் முறையில் இது மிக இலகு. கேவிஎம்மிலும் செய்யலாம், தொழில்நுட்பம் நம்மைத் தடுக்காது.

ஆனால் எல்லோரும் ஒன்றாகக் கேட்கும் நாள் வரும். அப்போது சேர்வர் ரெம்முக்குப் பதிலாக டிஸ்க்கைப் பாவித்து ஆமை வேகத்தில் நகரும். அதுவும் போதாவிட்டால் லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஏதாவது ஒன்றை நிறுத்திவிடும். கேவிஎம்மில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் சேர்வரும் லினக்ஸுக்கு ஒரு புரோகிராம் மாத்திரமே. நிறுத்தப்படுவது ஒருவரின் கடையாக இருக்கும். பெருநாள் சீசனில் அவரது பில் இயந்திரம் நின்றால், நஷ்டம் யாருக்கு? பாவம் யாருக்கு?

அல்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரித்தே ஆரம்பிக்கிறது. ஜிபியும் ஓர் அளவைதான். புரொசசரைப் பகிர்ந்து கொடுப்பது இத்தொழிலின் இயல்பு. அதைப் "பகிரப்பட்டது" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ரெம்மையும் டிஸ்க்கையும் மட்டும் இருப்பதற்கு மேல் விற்காதீர்கள். 30 பேரின் வாடகையில் செலவு ஈடாகாவிட்டால் விலையைக் கூட்டுங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

முதல் போடுமுன்

சேர்வரைக் கடையின் பின்னறையில் வைக்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்ட நாடு இது. தரவு நிலையமொன்றில் வையுங்கள், அல்லது அங்கேயே ஒரு முழுச் சேர்வரை வாடகைக்கு எடுங்கள். டிஸ்க் இரண்டைப் போட்டு ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்யுங்கள். ஆனால் அதைக் காப்புப் பிரதி என எண்ண வேண்டாம். தவறுதலாக ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். காப்புப் பிரதி வேறொரு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று எரிந்தபோது, பிரதியையும் அங்கேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தார்கள். மாதமொருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு சேர்வரை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

முதல் கேட்டு வரும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு சேர்வரில் எத்தனை பேரை அமர்த்துவாய்? அது எரிந்தால் எத்தனை மணித்தியாலத்தில் திரும்ப எழுப்புவாய்? டொலர் ஏறினால் எந்தச் செலவு ஏறும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தந்தால் முதலைக் கொடுக்க யோசிக்கலாம். மற்றவரின் கணக்குப் புத்தகம் நம்மிடம் இருப்பது அமானிதம். அதைக் காப்பவரின் வியாபாரத்தில் அல்லாஹ் பரகத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.