ஒசாகாவில் ஊர் சுற்றும்போது உள்ளூர்ச் சாப்பாடு

1. ஒரே கடையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். டோடோன்போரி, குரோமோன் சந்தை, சின்செகாய் என்று போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் ஒசாகாவில் சுகம். ஒரு தட்டு வாங்கி இருவர் பங்கிடலாம்.

2. தகோயாகி கட்டாயம் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியது. பணியாரக் கல் போன்ற குழிகளில் மாவு ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு போட்டு, கூரான கம்பியால் விறுவிறுவென்று புரட்டி உருண்டையாக்குவார்கள். மேலே தூவிய மீன் சீவல் சூட்டில் நெளியும். உள்ளே மாவு குழைவாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பிளந்து ஆவி போனபின் வாயில் போடுங்கள். கடையருகே நின்று சாப்பிட்டுவிட்டு, தட்டை அங்கேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது.

3. ஒகோனோமியாகி முட்டைக்கோஸும் முட்டையும் மாவும் சேர்ந்த தடித்த அடை. பெரும்பாலும் பன்றி இறைச்சி போடுவார்கள். வேண்டாதவர்கள் இறாலோ கணவாயோ கேட்கலாம்.

4. சின்செகாயின் குஷிகாட்சு, குச்சியில் குத்திப் பொரித்தது. மேசையில் பொதுச் சாஸ் பாத்திரம் இருந்தால் ஒரே முறைதான் தோய்க்க வேண்டும். கடித்ததை மறுபடி தோய்ப்பது பெரும் தவறு. சாஸ் போதாவிட்டால், கூடவே வைக்கும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி விட்டுக்கொள்ளுங்கள்.

5. சைவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். இறைச்சி கண்ணில் படாத உணவிலும் மீன் இருக்கும். உடோன் நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய், தகோயாகி மாவு எல்லாவற்றிலும் கலக்கும் தாஷி என்ற சாறு, பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலும் கொம்பு என்ற கடற்பாசியும் போட்டு எடுப்பது. பொரித்த டோஃபு மிதக்கும் கிட்சுனே உடோனும் அப்படித்தான். ஆகவே "இறைச்சி உண்டா?" என்று கேட்டால் போதாது, மீன், தாஷி இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி என்ற சுஷி ஓரளவு கைகொடுக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: ஒசாகாவில் வெறுமனே "நிகு" (இறைச்சி) என்றாலே மாட்டிறைச்சிதான்.

6. மொழி தெரியாவிட்டாலும், வாசல் கண்ணாடிப் பெட்டியில் உள்ள மாதிரி உணவைக் கைகாட்டினால் போதும். டிப்ஸ் தர வேண்டாம்.

7. மதியச் சாப்பாட்டை 2 மணிக்குள் முடியுங்கள். பிறகு பல உணவகங்கள் மாலைவரை மூடியிருக்கும்.

8. உமேடா பகுதியின் பெரிய கடைகளில் நிலத்தடித் தளம் முழுக்க உணவுதான். இரவு மூடும் நேரத்தில் பல பொட்டலங்களில் விலை குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். வாங்கி அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம்.